குதிக்காலும் முழங்காலும் கேட்ட சப்பாத்து

கட்டிலிலிருந்து இறங்கி நிலத்தில் வைக்கும் முதலாவது அடிக்குத்தான் அந்த நாட்களில் நான் மிகவும் பயந்தேன். வலது குதிக்காலின் உட்பக்கத்தில் ஆணி ஒன்று ஏறியிருப்பதைப் போல அந்த அடி குத்தும். சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போய்த் திரும்புவதற்குள் குத்து மெல்ல மெல்லத் தணிந்துவிடும். அது தணிந்ததே என்று தேநீரைக் குடித்துவிட்டு வேலைக்குப் புறப்பட்டால், முழங்கால் தன் கணக்கைத் தொடங்கும். வெள்ளவத்தையில் நாங்கள் இருப்பது ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில். லிப்ட் வேலை செய்யாத நாட்களில் படியிறங்கும்போது இடது முழங்காற் சில்லைச் சுற்றி ஓர் உளைவு எழும். ஏறும்போது அவ்வளவில்லை, இறங்கும்போதுதான். எனக்கு அப்போது 51 வயது. பக்கத்து வீட்டு அக்கா, "என்ன தங்கச்சி, இந்த வயசிலேயே கைப்பிடியைப் பிடிச்சுக்கொண்டு இறங்கிறீர்?" என்று கேட்ட அன்று எனக்கு நோவை விட வெட்கமே கூடுதலாக இருந்தது.

இரண்டு நோவையும் தேடிப் பெற்றவள் நானேதான். இரத்தப் பரிசோதனையில் சீனி எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று குடும்ப டொக்டர் சொல்லி, குளிசை தொடங்குமுன் மூன்று மாதம் நடந்து பாருங்கள் என்று அனுப்பியிருந்தார். இருபத்தைந்து வருடங்களாகக் கணக்குப் பிரிவில் கதிரையை விட்டு எழும்பாத உடம்பு இது என்பதை மறந்து, முதற் கிழமையிலேயே நாளுக்கு 5 கிலோமீற்றர் நடக்கத் தொடங்கினேன். அது போதாதென்று செவ்வாயும் வியாழனும் மாலையில் ஏரோபிக்ஸ் வகுப்பொன்றிலும் சேர்ந்தேன். திடீரென்று கூட்டிய இந்தச் சுமையே முதற் காரணம் என்று பின்னர் எனக்குச் சொல்லப்பட்டது. சப்பாத்து இரண்டாவது காரணம். ஆனால் நான் காசைக் கொட்டியது முழுவதும் அந்த இரண்டாவது காரணத்தில்தான் என்பதால், அதைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

முதற் சோடிக்குச் செலவே இல்லை. தம்பி ஏழு வருடங்களுக்கு முன்னர் ரொறன்ரோவிலிருந்து வந்தபோது கொண்டுவந்து தந்த, பெட்டி கலையாத ஓட்டச் சப்பாத்து ஒன்று அலுமாரியின் மேற்தட்டில் இருந்தது. புத்தம் புதியது போலவே இருந்ததால், நல்ல பொருளை இத்தனை நாள் வீணாக வைத்திருந்தோமே என்று நினைத்துக்கொண்டு அதைப் போட்டேன். நாலாம் நாள் சுதந்திர சதுக்கத்தில் இரண்டாவது சுற்று வரும்போது வலது கால் சற்றே பதிந்து இறங்குவதைப் போல இருந்தது. குனிந்து பார்த்தால், குதிப்பக்கத்துச் சோல் பிளந்து, உள்ளே இருந்த நுரை பிட்டு உதிர்வதைப் போல நடைபாதையில் உதிர்ந்துகொண்டிருந்தது. விரலால் தொட்டேன், மாவாக ஒட்டியது. பின்னால் வந்துகொண்டிருந்த முதியவர் ஒருவர் தன் கைக்குட்டையைத் தந்து அதைக் கட்டிக்கொண்டு போகச் சொன்னார். ஒரு காலில் சப்பாத்தும் மறு காலில் கைக்குட்டைக் கட்டுமாக ஓட்டோவில் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

இதில் தம்பியின் பிழையோ செய்தவர்களின் பிழையோ எதுவுமில்லை. சோலின் நடுப்படையைப் பொலியூரித்தேன் என்ற நுரையால் செய்திருந்தால், காற்றிலுள்ள ஈரப்பதம் வருடக்கணக்கில் அதன் இரசாயனப் பிணைப்புகளை அறுத்துவிடும். போடாமல் வைத்திருப்பது அதற்குப் பாதுகாப்பே அல்ல, பெட்டிக்குள் அடைத்து வைப்பது இன்னும் கேடு. கடலுக்கு இரண்டு வீதி தள்ளி, வருடம் முழுவதும் காற்று ஈரமாகவே இருக்கும் கொழும்பில் ஏழு வருடம் என்பது அந்த நுரைக்கு நீண்ட ஆயுள்தான். இப்போது பெரும்பாலான சப்பாத்துகளில் பயன்படும் ஈவிஏ நுரை இப்படி உதிர்வதில்லை, ஆனால் அதுவும் நாட்பட இறுகித் தன் துள்ளலை இழக்கும். ஒட்டிய பசையும் விடும். ஆகவே வெளிநாட்டு உறவுகள் தந்துவிட்டுப் போன சப்பாத்து அலுமாரியில் இருந்தால், போடுமுன் சோலின் பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெல்லிய வெடிப்புக் கோடுகள் தெரிந்தாலோ அழுத்திய குழி மீளாவிட்டாலோ அதைக் குப்பைக்கே கொடுத்துவிடலாம். பல நிறுவனங்கள் சப்பாத்தின் நாக்குக்கு உட்புறம் தைக்கும் சிறு துண்டில் செய்த மாதமும் வருடமும் இருக்கும். கடையில் பாதி விலைக்குக் கழிக்கப்படும் சோடிகளிலும் அந்தத் துண்டைத் தேடிப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது சோடிக்கு 18,000 ரூபா. காலி வீதியில் ஒரு கடை. "குதிக்கால் நோகுது, நல்ல மெத்தையான சப்பாத்து வேணும்" என்றுதான் நான் கேட்டேன். கேட்டதையே அந்தப் பையன் எடுத்துத் தந்தான் என்பதால் அவனையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. "கையால அமத்திப் பாருங்கோ அன்ரி, பஞ்சு மாதிரி" என்றான். அமத்தினேன், பஞ்சுதான். முன்பக்கம் சின்னி விரலைச் சற்று நெருக்குகிறதே என்றபோது, "அது போடப் போட இளகும்" என்றான். இந்த வாக்கியத்தைச் சப்பாத்துக் கடையில் கேட்டவுடன் எழும்பி வந்துவிட வேண்டும் என்பது இன்றைய என் கருத்து. தோற் சப்பாத்து ஓரளவு இளகலாம். உடற்பயிற்சிச் சப்பாத்தின் நெய்த மேற்பகுதி முதல் நாள் எப்படி நெருக்குகிறதோ அப்படியேதான் ஆறாம் மாதமும் நெருக்கும்.

அந்தப் பஞ்சுச் சப்பாத்து முதல் மூன்று நாட்கள் சொர்க்கமாக இருந்தது. இரண்டாம் கிழமை முடிவில் காலை முதலடிக் குத்து பழையதை விடக் கூடியது. முழங்காற் சில்லின் உளைவு அலுவலகக் கதிரையில் ஒரு மணித்தியாலம் இருந்து எழும்பும்போதும் வரத் தொடங்கியது. மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள். மரைன் டிரைவில் எனக்குப் பின்னால் நடந்து வந்தவள், தொலைபேசியில் என் கால்களைப் படமெடுத்துக் காட்டினாள். ஒவ்வோர் அடியிலும் குதிக்கால் நேராக நிற்காமல் உட்பக்கமாகச் சரிய, முழங்காலும் அதனோடு சேர்ந்து உள்ளே திரும்புவது அந்தப் படத்தில் தெளிவாகத் தெரிந்தது. சேற்றில் நடப்பவரைப் போல இருந்தேன்.

அதன் பிறகே ஓர் இயன்மருத்துவரிடம் போனேன். முன்கூட்டியே தொலைபேசியில், வீட்டில் போடுவது, வேலைக்குப் போடுவது, நடக்கப் போடுவது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். என் மகளின் வயதுதான் இருக்கும். என் காலைத் தொடுவதற்கு முன்னரே சப்பாத்துகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்துப் பின்பக்கமாக என்னையே பார்க்கச் சொன்னார். பஞ்சுச் சப்பாத்தின் பின்பகுதி, அத்திவாரம் இறங்கிய மதிலைப் போல உள்நோக்கிச் சாய்ந்து நின்றது. வாங்கி இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை.

அவர் சொன்ன விளக்கத்தை என் மொழியில் தருகிறேன். உள்ளங்காலில் குதி எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை தடித்த நார்ப்பட்டை ஒன்று விரிந்திருக்கிறது. பாதத்தின் வளைவை வில்லின் நாணைப் போல இழுத்துப் பிடித்திருப்பது அதுதான். பழக்கமில்லாத சுமை திடீரென்று ஏறும்போது, அது குதி எலும்பில் ஒட்டியிருக்கும் இடத்தில் புண்படுகிறது. இரவு முழுவதும் பாதம் தளர்ந்து, பட்டை சுருங்கிய நிலையில் கிடப்பதால், காலையில் எழுந்து வைக்கும் முதலடி அதைச் சட்டென்று இழுத்து நோகச் செய்கிறது. குதியில் முள் வளர்ந்திருக்கிறது என்று எக்ஸ்ரே பார்த்துப் பயப்படுவோர் நம்மில் நிறையப் பேர். நோ எதுவுமே இல்லாதவர்களின் எக்ஸ்ரேயிலும் அந்த முள் தெரிவதுண்டு. முழங்காலைப் பொறுத்தவரை, சில்லுக்குப் பின்னாலிருந்து வரும் நோ அது. படியிறங்கும்போதும், நெடுநேரம் மடித்து உட்கார்ந்து எழும்போதும் வருவதே அதன் அடையாளம். மூட்டின் உட்பக்கத்தில் தேய்மானத்தால் வரும் நோ வேறு. அது தனக்கென்று வேறு பராமரிப்புக் கேட்கும்.

அதன் பின் அவர் சொன்னதுதான் என் தலையில் இருந்த சப்பாத்துக் கணக்கைப் புரட்டிப் போட்டது. "அன்ரி, உங்கட குதி ஒண்டு கேக்கும், முழங்கால் வேற ஒண்டு கேக்கும். ரெண்டுக்கும் நடுவில நாங்கள் பேரம் பேச வேணும்." சப்பாத்துக்குள் குதி நிற்கும் உயரத்துக்கும் விரல்கள் நிற்கும் உயரத்துக்கும் இடையிலான வித்தியாசத்தை டிரொப் என்கிறார்கள், ஒன்றுமில்லாத சமதளத்திலிருந்து 12 மில்லிமீற்றர் வரை அது இருக்கும். குதிப்பக்கம் உயர்ந்தால் கெண்டைக்காலின் இழுவை குறைந்து குதிக்கு ஆறுதல் கிடைக்கிறது. ஆனால் சுமையில் ஒரு பங்கு முழங்கால் பக்கம் போகிறது. தட்டையான சப்பாத்தில் முழங்காலின் பங்கு குறையலாம். குதிக்குப் பின்னாலுள்ள தசைநாணும் கெண்டைக்காலும் உள்ளங்காற் பட்டையும் அதைச் சுமக்க வேண்டும். எனவே இப்போது பலரும் புகழும் வெறுங்கால் பாணிச் சப்பாத்து எனக்கு ஆகாது. மிக உயர்ந்த குதியும் ஆகாது. 8 மில்லிமீற்றருக்கு அண்மையில் ஒன்றைப் பாருங்கள் என்றார். அதைவிட முக்கியமாக, மெத்தென்றிருப்பது வேறு, தாங்குவது வேறு என்றார். தரையின் அதிர்வை நுரை வாங்கிக்கொள்ளலாம்; ஆனால் அளவுக்கு மீறி மெத்தென்றால் ஒவ்வோர் அடியிலும் பாதத்தைச் சமநிலையில் நிறுத்தும் வேலை கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் வந்து சேர்கிறது. என் மகள் எடுத்த படத்தில் இருந்தது அதுதான்.

வீட்டுக்கு வந்து நான் நிறைய வாசித்தேன். கணக்காளருக்கு எதையும் சரிபார்க்காவிட்டால் நித்திரை வராது. விறாந்தையில் நனைந்த காலைப் பதித்து, வளைவு உயரமா தட்டையா என்று பார்த்து அதற்கேற்பச் சப்பாத்து எடுக்கும் முறை பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. அமெரிக்க இராணுவப் பயிற்சிக்குச் சேர்ந்தவர்களுக்கு அப்படிப் பாத வடிவத்தைப் பார்த்துச் சப்பாத்துக் கொடுத்துச் செய்த ஆய்வுகளில், காயங்கள் அதனால் குறையவில்லை என்றே தெரிந்திருக்கிறது. அந்த ஈரப் பாதம் எனக்குச் சொன்னது ஒன்றுதான்: என் பாதம் முன்பக்கம் அகலமானது. மறுபுறம், 2021 இல் மெல்பேர்ணிலிருந்து வெளியான ஆய்வொன்றில், முழங்காலின் உட்பக்கத் தேய்மானமுள்ள, 50 வயதைத் தாண்டிய 164 பேருக்கு இரண்டு வகைச் சப்பாத்துகளைக் கொடுத்து 6 மாதம் பார்த்திருக்கிறார்கள். தட்டையான, வளையும் சப்பாத்துப் போட்டவர்களை விட, உறுதியாகத் தாங்கும் சப்பாத்துப் போட்டவர்களுக்கே நடக்கும்போது வரும் நோ கூடுதலாகக் குறைந்தது. என் நோ அந்த வகையல்ல என்றாலும், தேய்மானத்தோடு இருக்கும் என் பெரியம்மாவுக்கு அடுத்த சோடியை வாங்கும்போது அதை நினைவில் வைத்திருந்தேன்.

மூன்றாவது சோடியை வாங்க எனக்கு இரண்டு கிழமை எடுத்தது. முதலில் வீட்டில் கால் அளந்தேன். நிலத்தில் தாளை விரித்து, சொக்ஸ் போட்ட காலோடு முழுப் பாரத்தையும் வைத்து நின்றுகொண்டேன். உட்கார்ந்து அளந்தால் பாதம் குறுகலாகவே வரும். மகள் பென்சிலை நெட்டாகப் பிடித்துச் சுற்றிக் கோடு கீறினாள். இடது 24 சென்ரிமீற்றர், வலது 24.3. பெரும்பாலானோருக்கு இரண்டு காலும் சரிசமமாக இருப்பதில்லை. பெரிய காலுக்குத்தான் சப்பாத்து வாங்க வேண்டும். அந்த இரண்டு உருவங்களையும் கோட்டின் மேலேயே வெட்டியெடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். வேலை முடிந்து மாலை ஆறரைக்கே கடைக்குப் போனேன். கொழும்பு வெயிலில் நாள் முழுதும் நின்றும் இருந்தும் கால் வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருக்கும் சப்பாத்து மாலையில் கடிக்கும்.

கடையில் அந்தத் தாளுருவத்தைச் சப்பாத்தின் அடியில் வைத்துப் பார்த்தபோது ஒரு வியப்பு. எனக்குக் காட்டப்பட்ட பெண்கள் சப்பாத்து ஒவ்வொன்றிலும் தாளின் ஓரம் சின்னி விரல் பக்கம் வெளியே துருத்தியது. உள்ளே இருக்கும் மென்தட்டைக் கழற்றி அதன் மேல் ஏறி நின்று பார்த்தேன். அப்போதும் என் பாதம் தட்டுக்கு வெளியே வழிந்தது. சப்பாத்தின் அகலத்தை எழுத்தால் குறிக்கும் வழக்கம் ஒன்று உண்டு: பெண்களுக்குப் பொதுவான அகலம் 'பி', ஆண்களுக்கு 'டி', அதற்கும் மேல் '2ஈ', '4ஈ'. நமது கடைகளில் பெண்களுக்கு 'பி' தவிர வேறெதுவும் கிடைப்பது அரிது. அதனால் ஆண்கள் பக்கத்துத் தட்டுக்குப் போனேன். விற்பனையாளர், "மேடம், அது ஜென்ஸ்" என்று இரண்டு தரம் சொன்னார். தெரியும் தம்பி, கால் என்னுடையது என்றேன். இளஞ்சிவப்பும் ஊதாவும் இல்லாமல் கறுப்பில் ஒரு சோடி. அதன் மேல் என் தாள் பொருந்தி உட்கார்ந்தது. பெண்களுக்கு அழகான நிறத்தைத் தேடித் தருபவர்கள் அகலத்தையும் தேடித் தந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்.

அளவு இலக்கத்தை நம்பவில்லை. யூகே, யூஎஸ், ஐரோப்பிய இலக்கங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் அரை அளவு முன்பின்னாக இருக்கும். நாக்கின் உட்புறத் துண்டில் சென்ரிமீற்றரிலும் ஓர் இலக்கம் இருக்கும், அதைத்தான் பார்த்தேன். 25 என்று இருந்தது. போட்டு, லேசைக் கட்டி, எழுந்து நின்றபோது மிக நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருந்தது. எல்லோருக்கும் பெருவிரல்தான் நீளம் என்றில்லை. சிலருக்கு இரண்டாம் விரல் முந்தும்.

பிறகு சப்பாத்தைக் கையில் எடுத்து, இயன்மருத்துவர் சொல்லித் தந்த மூன்று சோதனைகளைச் செய்தேன். குதிக்காலை அணைத்து நிற்கும் பின்பகுதியை இரண்டு விரல்களுக்கிடையில் நசுக்கினேன். அது மடங்காமல் நின்றது. முன்னும் பின்னும் பிடித்து மடக்கினேன். விரல்கள் மடியும் இடத்தில் வளைந்தது, நடுவில் வளையவில்லை. நடுவில் புத்தகம் போல மடியும் சப்பாத்து உள்ளங்காற் பட்டையை ஒவ்வோர் அடியிலும் இழுக்கும். மூன்றாவது, ஈரத் துவாயைப் பிழிவதைப் போல இரு பக்கமும் முறுக்கினேன். சிறிது திரும்பி நின்றுவிட்டது. கடைசியாக அந்தச் சோடியைக் கண்ணாடி மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தேன். புதிய சப்பாத்திலேயே ஒன்று கோணலாக ஒட்டப்பட்டிருப்பதை இதற்கு முன் வேறொரு கடையில் கண்டிருந்தேன். இது நேராக நின்றது. போட்டுக்கொண்டு கடைக்குள் பத்து நிமிடம் நடந்தேன்; மாடிப் படியை இரண்டு தரம் ஏறி இறங்கினேன். பாதம் எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை, குதி வழுக்கவில்லை. சோதனைகள் எல்லாம் தேறினாலும், போட்ட அந்த நேரத்திலேயே காலுக்கு இதமாக இல்லாத சப்பாத்தை வாங்குவதில் பயனில்லை.

விலை 32,000 ரூபா. வீட்டுக்காரர் அதைக் கேட்டு எதுவும் சொல்லாமல் மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டினார். முன்னர் வாங்கிய 18,000 ரூபாவையும் கூட்டிப் பார்த்தால் அவரது மௌனத்தில் நியாயம் இருந்தது. புறக்கோட்டையில் இதே பெயரும் இதே அடையாளமும் பொறித்த சோடி 6,000 ரூபாவுக்குக் கிடைக்கும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன், பின்பகுதி பிஸ்கட் பெட்டி அட்டையைப் போல மடிந்தது. குறைந்த செலவில்தான் வாங்க வேண்டுமென்றால், பெரிய பெயரின் நகலை விட, இந்த மூன்று சோதனைகளிலும் தேறும் உள்ளூர்ச் சப்பாத்து எவ்வளவோ மேல்.

ஏரோபிக்ஸ் வகுப்பின் கதை தனி. நடைக்கு வாங்கிய இந்த நல்ல சப்பாத்தையே அங்கும் போட்டுக்கொண்டு போனேன். பக்கவாட்டில் அடியெடுத்துத் திரும்பும்போது உடம்பு திரும்பியது, பாதம் தரையிலேயே பிடித்து நின்றது. முழங்கால், அந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டது. அன்று ஐஸ் வைத்துக் காலை உயர்த்திக் கிடந்தேன். ஓட்டத்துக்கும் நடைக்கும் செய்யப்படும் சப்பாத்து முன்னோக்கிப் போவதற்கானது. அதன் அடி றப்பரின் பிடிமானமும் உயர்ந்த நுரையும், பக்கவாட்டு அசைவுக்கும் சுழற்சிக்கும் பகை. பயிற்சி வகுப்புகளுக்கென்று வரும் சப்பாத்து தாழ்வாக, பக்கங்களில் உறுதியாக, முன்பாதத்தின் கீழ் ஓரளவு வழுவழுப்பாக இருக்கும். பாரம் தூக்குவோருக்கும் தடித்த நுரை ஆகாது. பாரத்தோடு குந்தி எழும்பும்போது அடித்தளம் ஆடக்கூடாது. வகுப்புக்கென்று இன்னொரு சோடி வாங்க அப்போது வசதியில்லாததால், ஆறு மாதத்துக்குத் துள்ளலும் சுழற்சியும் இல்லாத அசைவுகளை மட்டும் செய்கிறேன் என்று பயிற்றுநரிடம் சொல்லிவிட்டேன். அவர் முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு வகுப்பில் இன்னும் நாலு பேர் என் வரிசைக்கு வந்துவிட்டார்கள்.

சப்பாத்தில் இவ்வளவு கவனம் செலுத்திய நான் தவறவிட்டது வீட்டை. வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு சமையலுக்கு இரண்டு மணித்தியாலம் நிற்பது நம் எல்லோருக்கும் வழக்கம். சப்பாத்தோடு நடந்தது ஒரு மணித்தியாலம். மிச்ச நேரமெல்லாம் கல்லில். வீட்டுக்குள் மட்டும் போடவென்று, வளைவைச் சற்றுத் தாங்கும் தடித்த சோல் செருப்பு ஒன்றைக் கட்டிலோரம் வைத்து, முதலாவது அடியையே அதில் வைக்கத் தொடங்கினேன். மாமிக்கு அது பிடிக்கவில்லை. குசினிக்குள் செருப்பா என்றார். அது வெளிப்படியைத் தாண்டியதேயில்லை என்று சத்தியம் பண்ணிய பிறகே விட்டார். சுவாமியறை வாசலில் கழற்றிவிடுவேன். ஆனால் அந்த வருடம் ஆடிவேலுக்குச் செட்டியார் தெருவிலிருந்து தேரோடு பம்பலப்பிட்டிவரை வழக்கம்போல் வெறுங்காலோடு நடக்கவில்லை. பம்பலப்பிட்டியில் வீதியோரம் நின்று கும்பிட்டேன். முருகன் கோபித்ததாகத் தெரியவில்லை.

நடக்கும் இடத்தையும் மாற்றினேன். வெள்ளவத்தைக் கடற்கரையின் இளமணல் காலுக்கு மெத்தை என்று நினைத்திருந்தேன்; குதி மணலுக்குள் புதையப் புதையக் கெண்டைக்காலும் உள்ளங்காற் பட்டையும் கூடுதலாக இழுபடுவதால், குதி நோ உள்ளவருக்கு அது ஏற்றதல்ல. வீதியோரத்தில் மழைநீர் வடியவென்று விட்ட சரிவில் எப்போதும் ஒரே திசையில் நடந்தால் ஒரு கால் தொடர்ந்து பள்ளத்தில் இருக்கும். சனிக்கிழமைகளில் காலிமுகத்திடலுக்குப் போனேன். 1859 இல் அந்த நடைபாதையைக் கட்டி முடித்த ஆளுநர் சேர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக அதைத் தமக்குப் பின் வருவோரிடம் ஒப்படைப்பதாக அங்கே கல்லில் பொறித்திருக்கிறது. சமதளம் என்பது அதன் நன்மை. இறுகிய தரை என்பது குறை. நல்ல சப்பாத்தோடு 20 நிமிடத்தில் தொடங்கி, கிழமைக்கு ஐந்து நிமிடம் வீதம் கூட்டினேன். முதலில் செய்திருக்க வேண்டியது அது.

சப்பாத்து நோவை மாற்றியது என்று எழுதினால் பொய். அது மேலும் புண்படாமல் பார்த்துக்கொண்டது, மாற்றியது பயிற்சி. காலையில் எழும்புமுன் கட்டிலிலேயே துவாயை முன்பாதத்தில் மாட்டி என் பக்கம் இழுத்து 10 வினாடி வீதம் 10 தரம். சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை 30 வினாடி நீட்டுவது மூன்று தரம். ஒன்றுவிட்ட ஒரு நாள், விரல்களுக்கடியில் சுருட்டிய துவாயை வைத்துப் படியோரத்தில் நின்று குதியை மெல்ல உயர்த்தி மெல்ல இறக்குவது. முழங்காலுக்கு, கதிரையில் கை ஊன்றாமல் இருந்து எழும்புவது. மாலையில், தண்ணீர் நிரப்பி உறையவைத்த சிறு போத்தலைத் தொலைக்காட்சி பார்த்தபடி உள்ளங்காலால் உருட்டுவது. முழங்கால் மூன்று மாதத்தில் அடங்கியது. குதிக்கு ஏழு மாதம் எடுத்தது. இந்தக் குதி நோ பெரும்பாலானோருக்கு ஒரு வருடத்துக்குள் தணிந்துவிடும் என்று முதலிலேயே சொல்லியிருந்ததால் பொறுத்திருந்தேன். ஐந்தாம் மாதத்தில் பொறுமையிழந்து, பாதத்தை அச்செடுத்துச் செய்யும் தனி உட்தட்டுக்குக் காசு கட்டப் போனேன். அதற்கும் கடையில் கிடைக்கும் ஆயத்த உட்தட்டுக்கும் குதி நோவில் பெரிய வித்தியாசத்தை ஆய்வுகள் காட்டவில்லை என்று இயன்மருத்துவரே தடுத்தார், ஆயத்தமானதை வாங்கினேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். முழங்கால் வீங்கிச் சூடாக இருந்தாலும், மடங்கிப் பூட்டிக்கொண்டாலும், நடக்கும்போது கைவிட்டாலும், இரவில் படுத்திருக்கும்போதே நோ எழுப்பினாலும், பாதம் மரத்தாலும் கடைக்குப் போகாமல் டொக்டரிடம் போங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குப் புதிய சப்பாத்துக் கடிப்பது உணர்வில் படாமலே போகலாம். கழற்றியவுடன் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பார்க்க வேண்டும், சிவந்திருந்தால் மறுநாள் அதைப் போடக்கூடாது.

பராமரிப்பில் இரண்டு விடயங்கள். குதி வழுக்கினால் சப்பாத்தை மாற்றுமுன் மேலே கணுக்காலோரம் இருக்கும் கடைசித் துளையைப் பயன்படுத்துங்கள். லேசை அதே பக்கத்துத் துளையில் விட்டுச் சிறு வளையம் அமைத்து, எதிர்ப்பக்க லேசை அந்த வளையத்துக்குள் கோத்து இழுத்தால் குதி பூட்டியதைப் போல நிற்கும். மழையில் நனைந்தால் வெயிலில் காயவிடாமல், உட்தட்டைக் கழற்றிவிட்டுப் பழைய வீரகேசரியைக் கசக்கி உள்ளே திணித்து மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். ஞாயிறு இதழ் இரண்டு சப்பாத்துக்கும் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு சோடி காய்வதற்கு ஒரு நாள் போதாது.

சுவர் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் நடந்த தூரத்தைக் குறித்து வருகிறேன். 500 முதல் 800 கிலோமீற்றருக்குள் நுரை தளர்ந்துவிடும் என்பது பொதுவான கணக்கு. நான் 610 இல் நிற்கிறேன். வலது குதியின் வெளியோரம் தேய்ந்திருக்கிறது, அது பெரும்பாலும் எல்லோருக்கும் அப்படித்தான். பின்னாலிருந்து பார்த்தால் சோடி இன்னும் நேராகத்தான் நிற்கிறது. அடுத்ததற்குத் தாள் கீறும்போது வீட்டுக்காரரும் தன் காலை அளக்கச் சொன்னார். குளிர்சாதனப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். அவருடைய இடது பாதம் வலதை விட அரைச் சென்ரிமீற்றர் நீளம். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் வலது காலைப் போட்டுப் பார்த்தே சப்பாத்து வாங்கி வந்திருக்கிறார்.